வன்னி வட்டம்: நான்கு நாள் சைக்கிள் பயணமும் தூர விருதுக் கணக்கும்

புறப்படும் முன்

வவுனியா, மாங்குளம், முல்லைத்தீவு, பரந்தன், கிளிநொச்சி, பூநகரி, மன்னார், மறுபடியும் வவுனியா. வன்னியைச் சுற்றி வரும் இந்த வட்டம் ஏறத்தாழ 350 கி.மீ. நாளை விடியற்காலை தொடங்கி நான்கு நாளில் முடிப்பதாகத் திட்டம். ஒவ்வொரு நாள் மாலையும் அன்றைய பாதையை எழுதுகிறோம். கூடவே, நெடுந்தூரச் சைக்கிள்காரரை வருடக்கணக்கில் வீதியில் வைத்திருக்கும் தூர விருதுகளையும் எழுதுகிறோம்: எதன் விதி என்ன, எங்கள் வீதிக்கும் காற்றுக்கும் எது பொருந்தும், எது ஆளைக் கெடுக்கும்.

எங்கள் கருத்தை முதலே சொல்லிவிடலாம். ஒரே நாளில் உச்சத்துக்கு ஏற்றிவிட்டு விடும் விருதைவிட, மாதம் தவறாமல் வீதிக்கு இழுத்துவரும் விருதே நல்லது. அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

மாசியைத் தேர்ந்தது காற்றுக்காக. மாரி மழை ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னும் எழும்பாத இடைவெளி இது. காற்று வடகிழக்கிலிருந்து மெல்ல வரும். ஆகவே வடக்கும் கிழக்குமாகத் தொடங்கினால், கால் களைக்காத முதல் நாள்களிலேயே எதிர்காற்று கழிந்துவிடும். பூநகரியிலிருந்து மன்னாருக்கு இறங்கும் நீண்ட நாளில் காற்று முதுகில் இருக்கும். வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை ஓடுபவர்கள் இதே வட்டத்தை மறுபக்கமாகச் சுற்றுவது நல்லது.

சாமானில் முக்கியம் ரயரும் ரியூப்பும். வன்னிக் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை சாதாரணச் சைக்கிளின் 28 × 1½ அளவும், மலைச் சைக்கிளின் 26 அங்குலமும். 700சி ரயரையும் சிலர் 28 அங்குலம் என்றே சொல்வார்கள், இரண்டும் ஒன்றல்ல. 28 × 1½ ரயர் இருக்கும் றிம்மின் விட்டம் 635 மில்லிமீற்றர், 700சி றிம்மின் விட்டம் 622. கடைக்காரர் நல்லெண்ணத்தோடு எடுத்துத் தரும் ரயர் தொளதொளவென்று நிற்கும். அந்த அளவு ரியூப்பை அவசரத்துக்கு மடித்துப் போடலாம். ஆனால் றிம்மில் வால்வு ஓட்டை மெல்லிய பிரெஞ்சு வால்வுக்கு மட்டும் போட்டதென்றால் அதுவும் நுழையாது. எனவே 700சி சைக்கிளுக்கு இரண்டு ரியூப், மடிக்கக்கூடிய ஒரு ரயர், ஒட்டுப்பெட்டி, கைப்பம், பிரெஞ்சு வால்வுக்கு மாட்டும் பித்தளை அடப்டர் ஆகியவை கையில் இருக்க வேண்டும். அடப்டர் விரல்நுனி அளவுதான். அது இல்லாவிட்டால் எந்தக் கடையின் காற்று இயந்திரமும் உதவாது.

ரயர் அகலம் 32 மில்லிமீற்றர் போதும். காற்றழுத்தம் 70 கிலோ ஆளுக்குப் பின் ரயரில் 60 பி.எஸ்.ஐ. அளவு, முன் ரயரில் அதைவிட ஐந்து குறைவாக. கல்லைப்போல் இறுக்கிக் காற்றடித்தால் வேகம் கூடாது, கைதான் விறைக்கும்.

முதலாம் நாள்: வவுனியா – மாங்குளம் – முல்லைத்தீவு

காலை 5.30க்குப் புறப்பாடு. பின்விளக்கு சிவப்பு, மினுங்காமல் நிலையாக எரிய வேண்டும். மினுங்கும் விளக்கை வைத்து இருட்டில் தூரத்தைக் கணிப்பது பஸ் சாரதிக்குக் கடினம். வடக்கே போகும் ஏ9 வீதி ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் வழியாக மாங்குளம் சேர்கிறது, 48 கி.மீ. அளவு. காபெற் வீதி, ஏற்றம் இல்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கிடைக்கும் இடம் ஒடுக்கம், தூரப் பஸ்களோ நல்ல வேகம். ஹாண்டிலில் ஒரு சின்னக் கண்ணாடி பூட்டியிருந்தால் கழுத்தைத் திருப்பாமல் பின்னால் வருவதைப் பார்க்கலாம். இருட்டில் இன்னொரு ஆபத்து மாடுகள். இரவில் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்துக் கிடக்கும். கறுத்த மாடு விளக்கு வெளிச்சத்தில் படும்போது நிறுத்தத் தூரம் இருக்காது. விடிவதற்கு முன் மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் வேண்டாம்.

மாங்குளம் சந்தியில் இரண்டு போத்தலையும் நிரப்பிக்கொண்டு வலப்பக்கம் ஏ34இல் திரும்ப வேண்டும். ஒலுமடு தாண்டி ஒட்டுசுட்டான் வரை காட்டுப் பகுதி. கடை குறைவு, நிழல் உண்டு, யானையும் உண்டு. காலை ஏழுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் இந்தத் துண்டில் இருக்காதபடி நேரத்தை வகுக்க வேண்டும். வீதியில் யானை நின்றால் நூறு மீற்றருக்குக் குறையாமல் விலகி நின்று, பெரிய வாகனம் ஒன்று வரும்வரை காத்திருப்பதே வழி. மணி அடிப்பது, விளக்கைப் பாய்ச்சுவது, ‘ஒரு மிதி மிதித்தால் கடந்துவிடலாம்’ என்று கணக்குப் போடுவது எதுவும் வேண்டாம். ஒதுங்கவேண்டி வந்தாலும் பற்றைக்குள் இறங்கக் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை மிதிவெடி அகற்றி முடியாத நிலத்தைக் குறிக்கும். பலகை விழுந்துபோன இடமும் இருக்கலாம் என்று நினைத்து வீதியோரத்திலேயே நிற்பது நல்லது.

முல்லைத்தீவு நகரம் வரும்போது மீற்றரில் 96 அளவு காட்டும். தூர விருதின் முதல் பாடம் இங்கேதான். ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் மாதாமாதம் வரும் கிரான் ஃபொண்டோ சவாலுக்கு ஒரே பதிவில் 100 கி.மீ. வேண்டும். 96 ஓடியவருக்கும் வீட்டிலிருந்தவருக்கும் அங்கே வேறுபாடு இல்லை. முள்ளியவளையில் திரும்பி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய் வந்தால் நூறு தாண்டிவிடும்; வைகாசிப் பொங்கல் இல்லாத நாளில் வீதியும் அமைதி. எங்கே திரும்பினாலும் மீற்றரில் 102 காட்டும்வரை பதிவை நிறுத்தாதீர்கள். தொலைபேசியின் கணக்கும் பதிவு ஏறிய பிறகு செயலி போடும் கணக்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு வித்தியாசப்படும். 99.8க்குப் பதக்கம் கிடைக்காது.

பதிவு பழுதாகும் வழிகள் மூன்று. முதலாவது, மதியச் சாப்பாட்டுக்கு நின்றபோது பதிவை முடித்துவிட்டு, பிறகு புதிதாகத் தொடங்குவது. 60உம் 45உம் சேர்ந்து 105 ஆகாது. இரண்டு தனி ஓட்டம்தான். நிற்கும்போது இடைநிறுத்தம் மட்டுமே. இரண்டாவது, தொலைபேசியின் பற்றரிச் சேமிப்பு முறை பின்னணியில் செயலியை நிறுத்திவிடுவது. அப்போது வரைபடத்தில் வளைவுகள் மறைந்து நேர்கோடு விழும், தூரம் குறையும். அந்தச் செயலிக்கு மட்டும் பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும். மூன்றாவது, பற்றரியே தீர்ந்துபோவது. திரையை அணைத்து வைத்து, 10,000 மில்லி அம்பியர் மணி பவர்பாங்க் ஒன்றைப் பையில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

நூறு என்ற எண்ணின் மேல் உள்ள இந்தப் பித்துப் பழையது. 1911இல் இங்கிலாந்தின் ‘சைக்கிளிங்’ சஞ்சிகை, ஒரு வருடத்தில் யார் அதிக தடவை நூறு மைல் ஓட்டம் ஓடுகிறார் என்று போட்டி வைத்தது. மார்சல் பிளேன்ஸ் என்பவர் 332 தடவை ஓடி வென்றார். நூறு மைல் என்பது 161 கி.மீ. பதிவைச் சரிபார்க்க அன்று அட்டையும் சாட்சிக் கையொப்பமுமே இருந்தன. அந்த அட்டை முறை இன்றைக்கும் வன்னிக்குப் பொருத்தம் என்பதை நாலாம் நாள் எழுதுகிறோம்.

இரண்டாம் நாள்: முல்லைத்தீவு – பரந்தன் – கிளிநொச்சி

குறுகிய நாள். ஏ35 வழியாகப் பரந்தன் 52 கி.மீ. அளவு, அங்கிருந்து கிளிநொச்சி நகரம் ஐந்தாறு. நகரத்தை விட்டதும் வட்டுவாகல் பாலம். நந்திக்கடல் கடலோடு சேரும் இடத்தில் தாழ்ந்து ஒடுங்கிய பழைய பாலம் அது. மாரியில் வெள்ளம் ஏறும். புறப்படுமுன் பாலத்தின் நிலவரத்தை ஊரில் கேட்டறியுங்கள். போக முடியாவிட்டால் முள்ளியவளைப் பக்கம் வந்து கேப்பாப்புலவு வழியாகப் புதுக்குடியிருப்பை அடையலாம்.

பாலம் தாண்டினால் முள்ளிவாய்க்கால். வட்டத்துக்கு அட்டை தயாரிப்பவர்கள் இங்கே நேரம் பதியும் இடம் வைக்க வேண்டாம். 2009இல் அத்தனை உயிர் போன மண்ணை, சைக்கிளைச் சாத்தி வைத்துப் படம் எடுத்து ‘கடந்தாயிற்று’ என்று காட்டும் இடமாக்கக் கூடாது. நிற்பவர்கள் நிற்கட்டும், கணக்குப் புதுக்குடியிருப்பில் இருக்கட்டும்.

புதுக்குடியிருப்பில் சாப்பாட்டுக்கடை, சைக்கிள் திருத்தும் கடை, மருந்துக்கடை எல்லாம் உண்டு. பிறகு உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம், பரந்தன். பக்க வீதிகள் கிறவல். அந்தச் செம்புழுதி ஈரமான எண்ணெயில் ஒட்டினால் செயினை அரம்போல் அராவும். எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் கழித்துச் செயினின் வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேண்டியது உருளைக்குள், வெளியில் அல்ல. வீதியோரத்தில் உடைமுள்ளும் உண்டு. காற்றுப் போனால் ரியூப்பை மாற்றுமுன் ரயரின் உட்பக்கத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். முறிந்த முள்நுனி உள்ளேயே நின்றால் புது ரியூப்பும் பத்து நிமிடத்தில் இறங்கும். முள் நின்ற இடத்தையும் ரியூப்பின் ஓட்டையையும் பொருத்திப் பார்க்க வசதியாக, ரயரில் அச்சிட்ட பெயர் எப்போதும் வால்வுக்கு நேரே வரும்படி ரயரைப் போட்டு வைக்க வேண்டும்.

57, 58 கி.மீ. மட்டும் உள்ள நாளுக்கு எடிங்டன் எண் என்ற கணக்கு நல்ல துணை. 1919 சூரிய கிரகணத்தை அளந்து ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்த கேம்பிரிட்ஜ் வானியலாளர் ஆர்தர் எடிங்டன், தன் சைக்கிள் ஓட்டத்துக்காக வகுத்தது அது. உங்கள் எடிங்டன் எண் 50 என்றால், வாழ்நாளில் 50 நாள்கள் ஒவ்வொன்றிலும் 50 கி.மீ. அல்லது அதற்கு மேல் ஓடியிருக்கிறீர்கள் என்று பொருள். எடிங்டனின் எண் மைலில் 84. அவர் 1944இல் இறந்தார்; சாகும்வரை அந்த எண்ணை வளர்த்தார்.

வெளியே இலகு, உள்ளே கடினம். 50இலிருந்து 60க்குப் போக இன்னும் பத்து நாள் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 60க்கு 60 நாள் வேண்டும்; ஒவ்வொன்றும் 60க்குக் குறையக் கூடாது. இதுவரை ஓடிய 50, 55, 58 எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அதனால் இன்றைய எண் என்ன என்று பார்த்து ஓடாமல், எட்ட நினைக்கும் எண்ணைப் பார்த்து ஓட வேண்டும். 80 ஆக்க நினைப்பவருக்கு முல்லைத்தீவு–கிளிநொச்சி 58 ஒன்றுக்கும் உதவாது. அவர் கிளிநொச்சியில் நிற்காமல் ஏ9இல் தெற்கே முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்பட்டும். 80ஐச் சற்றே தாண்டும்.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும். தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்திக் கச்சான் (வேர்க்கடலை) வாங்காமல் யாரும் போவதில்லை. சுடச்சுட வறுத்த கச்சானை ஓட்டத்துக்கு நடுவில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். நிறையில் பாதியளவு கொழுப்பு. செரிக்க நேரம் எடுக்கும், காலுக்கு உடனே சக்தி தராது. பையில் போட்டுக்கொண்டு மாலை தேத்தண்ணியோடு சாப்பிடுங்கள். வீதியில் மணிக்கு 60 கிராம் மாச்சத்து வேண்டும்: ஒரு வாழைப்பழமும் ஐந்தாறு குளுக்கோஸ் பிஸ்கற்றும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் சேர்ந்தால் அந்தக் கணக்குக்குக் கிட்ட வரும்.

மூன்றாம் நாள்: கிளிநொச்சி – பூநகரி – மன்னார்

வட்டத்தின் கடினமான நாள் இது. பரந்தன் வரை திரும்பிப் போய் மேற்கே பூநகரி, அங்கிருந்து ஏ32இல் தெற்கே முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு, மன்னார். மொத்தம் 115 கி.மீ. அளவு. வீதி நல்லது, மரம் குறைவு. ஊருக்கும் ஊருக்கும் இடையில் கடை இல்லாத நீண்ட துண்டுகள் உண்டு. பக்கத்தில் புகையிரதமும் இல்லை. ஏ9இல் முடியாவிட்டால் ஓமந்தை தொடக்கம் ஆனையிறவு வரை நிலையங்கள் இருக்கின்றன. இங்கே எப்போதாவது வரும் பஸ் மட்டுமே.

பூநகரியை விடும்போது ஒவ்வொருவரிடமும் மூன்று லீற்றர் தண்ணீர் இருக்க வேண்டும். இந்த வெயிலில் மணிக்கு முக்கால் லீற்றருக்குக் குறையாமல் வியர்க்கும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போனால் உடம்பில் உப்பு இறங்கித் தலையிடி, குமட்டல், பிறகு தடுமாற்றம். தண்ணீர் குடித்தும் தலை இடிக்கிறது என்றால் உப்பைத்தான் தேட வேண்டும். மருந்துக்கடையில் ஜீவனிப் பைக்கற் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இளநீரில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. இளநீரோடு உப்புப் போட்ட வடை ஒன்றும் சாப்பிடுவது நல்லது.

இன்று காற்று முதுகில். இதே வீதியில் ஆடி மாதம் மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போவது பறப்பதுபோல் இருக்கும். திரும்பி வருவது தண்டனை. மன்னார்த் தீவின் தம்பபவனியில் 30 காற்றாலைகளை நிறுத்தியதும் அந்தக் கச்சான் காற்றை நம்பித்தான். போகும்போது கிடைத்த இலாபம் வரும்போது நட்டத்தை ஈடுகட்டும் என்று நினைக்கக் கூடாது. காற்றில்லாத நாளில் 25 கி.மீ. வேகம் போகிறவர், அதே உழைப்பில் 15 கி.மீ. பின்காற்றில் 34 போவார். அதே எதிர்காற்றில் 17தான் போவார். நூறு போய் நூறு வர, காற்றில்லாவிட்டால் 8 மணி நேரம். காற்றோடு 8 மணி 50 நிமிடம். காரணம் இலேசானது: மெதுவான வேகத்தில் கழிகிற நேரம் கூட.

இந்த ஐம்பது நிமிடம் பிரவே ஓடுபவருக்குப் பெரியது. பிரவே என்பது நேர எல்லையுள்ள நெடுந்தூர ஓட்டம். இதைப் பதிந்து சான்றளிக்கும் பாரிஸின் ஔடாக்ஸ் கழகம் 1904இல் உருவானது. அவரவர் வேகத்தில் ஓடும் இன்றைய பிரவே முறை 1921இல் வந்தது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி, 1000க்கு 75 மணி. சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அந்த நேரத்துக்குள். இது ஓட்டப்போட்டி அல்ல, முதல் இடம் கிடையாது. நேரத்துக்குள் வந்தவர் எல்லாரும் ஒன்றே. பதக்கமும் தானாக வருவதில்லை. வேண்டுபவர் காசு கட்டி வாங்குவது.

ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவர் சூப்பர் ரான்டொனர் (ரான்டொனர் என்றால் பிரவே ஓடுபவர்). 1891இல் தொடங்கிய, நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும், 90 மணி நேரத்தில் முடிக்கவேண்டிய 1200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்குப் போக இந்த நான்கும் தகுதி. அடுத்தது 2027இல். அதற்கும் மேலே ரான்டொனர் 5000: நாலு வருடத்துக்குள் அந்த நான்கின் தொடர், ஒரு 1000, பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், ஒரு ஃபிளெஷ் ஆகியவற்றோடு மொத்தம் 5000 கி.மீ. ஃபிளெஷ் என்பது மூன்று தொடக்கம் ஐந்து சைக்கிள் சேர்ந்த குழு, 24 மணி நேரத்தில் 360 கி.மீ.க்குக் குறையாமல் ஓடுவது. எங்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, கடைசி இரண்டு மணியில் 25 கி.மீ.யாவது ஓட வேண்டும். பிரான்சில் 1947இலிருந்து உயிர்த்த ஞாயிறை ஒட்டி நடக்கிறது. எங்கள் வட்டமும் ஏறக்குறைய அதே தூரம் என்பதால், நல்ல அனுபவமுள்ள குழு ஒன்று முழுநிலவுக்குக் கிட்டிய நாளில் இதை 24 மணி ஓட்டமாக முயலலாம். யானைத் துண்டான ஏ34 பகலில் வரும்படி தொடக்க நேரத்தை வைக்க வேண்டும்; அது ஒன்றே நிபந்தனை.

சொந்தமாக ஓடிய 200, பாரிஸில் பதிவாகாது. ஔடாக்ஸ் கழகம் ஒன்று முன்கூட்டி அறிவித்து நடத்தும் ஓட்டமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அப்படி நடக்கின்றன. சான்றிதழ் வேண்டுபவர் அங்கே போக வேண்டும். போவதற்கு முன் இந்த வீதிகளில் பழகிவிட்டுப் போவது நல்லது.

மன்னார்த் தாம்போதியில் பக்கக் காற்று. லொறி ஒன்று கடந்து போகும் நொடியில் காற்று மறைந்து, உடனே மறுபடி தள்ளும். ஹாண்டிலைக் கீழ்ப்பிடியில் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, கோட்டிலிருந்து ஓர் அடி உள்ளே ஓடுங்கள்.

நாலாம் நாள்: மன்னார் – முருங்கன் – வவுனியா

80 கி.மீ. அளவு. ஏ14இல் முருங்கன், பறயனாலங்குளத்தில் ஏ30க்கு மாறிப் பூவரசங்குளம், வவுனியா. மடுத் திருப்பதிக்குப் போய் வர ஏறத்தாழ 25 கி.மீ. கூடும். ஆவணித் திருவிழாக் காலத்தில் பஸ்ஸும் சனமும் நிறைந்திருக்கும்; அந்த நாள்களில் சைக்கிளுக்கு நல்ல வீதி அல்ல.

மூன்று நாளுக்குப் பிறகு உடம்பு பேசத் தொடங்கும். முழங்கால் முன்பக்கம் நொந்தால் சீற் தாழ்வு. பின்பக்கம் நொந்தால் உயரம். குதிக்காலைப் பெடலில் வைத்துக் கீழே மிதிக்கும்போது கால் நேராக வர வேண்டும். அங்கிருந்து ஒரு தடவைக்கு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் மாற்றக் கூடாது. சின்னவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளிவிளிம்பில் பாரம் கூட என்று பொருள். கைப்பிடியை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால் ஹாண்டிலை உயர்த்த வேண்டும். உட்காரும் இடத்தில் புண் தொடங்கினால் அன்று மாலையே காற்சட்டையைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்து உலர்த்துங்கள். ஈரமான உடுப்போடு மறுநாள் ஏறினால் புண் கட்டியாகிவிடும்.

இனி மாத விருது. பிரித்தானிய ஔடாக்ஸ் அமைப்பில் ‘வருடம் முழுவதும் ரான்டொனர்’ என்று ஒன்று உண்டு: தொடர்ந்து 12 மாதம், மாதத்துக்கு ஒரு தடவையாவது 200 கி.மீ. அல்லது அதற்கு மேல். எந்த மாதத்திலும் தொடங்கலாம். ஒரு மாதம் தவறினால் முதலிலிருந்து. அமெரிக்க ரான்டொனர்களிடமும் இதே விதியில் ஆர்-12 உண்டு. வன்னிக்காரருக்கு இதைவிட நல்ல விருது இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். மாசியில் 200 யாரும் ஓடலாம். ஆடிக் காற்றிலும் கார்த்திகை மழையிலும் ஓடப் பழகியவரே 600இன் இரண்டாம் இரவைத் தாங்குவார். மாதம் ஒன்று என்பதால் இடையில் ஓய்வுக்கு மூன்று வாரம் கிடைக்கிறது, உடம்பும் கெடாது.

வருட மொத்தத் தூரத்தை விருதாக வைப்பதை நாங்கள் விரும்புவதில்லை. 1939இல் டொமி கொட்வின் ஒரே வருடத்தில் 75,065 மைல் ஓடினார். 2016–17இல் அமண்டா கோக்கர் 86,573 மைல் ஓடினார். அதில் பெரும்பகுதி புளோரிடாவின் பூங்கா ஒன்றில் ஏழு மைல் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி. அவை மாபெரும் சாதனைகள். ஆனால் வேலைக்குப் போகிறவர் வருடத்துக்கு 10,000 என்று எழுதி ஒட்டினால், மார்கழியில் மிச்சம் 1,500 நிற்கும். மழையில், ஓய்வில்லாமல், நொந்த முழங்காலோடு அதை அடைக்கப் பார்ப்பார். வாரத் தூரத்தை ஒரேயடியாகக் கூட்டினால் முழங்கால் வருத்தம் வரலாம்.

மாத 200க்கு வன்னி வீதிகள் இப்படி. மாசி, பங்குனியில் வவுனியா–பளை–வவுனியா: போக 104, வர 104 அளவு. காலை 5.00க்குத் தொடங்கினால் அட்டையில் எழுத வேண்டிய மூடும் நேரம், அதாவது அந்த இடத்தை அடையவேண்டிய கடைசி நேரம்: மாங்குளம் (48) 8.24, கிளிநொச்சி (77) 10.08, பளை (104) 11.56, முடிவு 18.30. கணக்கு எளிது. தூரத்தை 15ஆல் வகுத்தால் மணி வரும். முதல் 60 கி.மீ.க்குள் இருக்கும் இடத்துக்கு மட்டும் 20ஆல் வகுத்து ஒரு மணி கூட்ட வேண்டும்; 200இன் முடிவு எப்போதும் 13 மணி 30 நிமிடம். தூரங்களை உங்கள் மீற்றரில் ஒருமுறை அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் வவுனியாக்காரர் வடக்கே போகக் கூடாது. காலை பின்காற்றில் பறந்துவிட்டு, வெயிலும் காற்றும் உச்சத்தில் இருக்கும் மதியத்தில் எதிர்த்து வர நேரும். காற்று விடியப்புறம் தணிந்திருக்கும், ஒன்பது பத்து மணிக்குத்தான் எழும்பும். ஆகவே அதிகாலை நாலுக்கு மேற்கே மன்னாருக்குப் போய், காற்றோடு திரும்பி வந்து, புளியங்குளம் வரை போய் வந்தால் 210 அளவு. கடைசி 27 கி.மீ. மட்டும் எதிர்காற்று, அதுவும் மாலை. கிளிநொச்சிக்காரருக்கு நேரே தெற்கு. விடியுமுன் வவுனியாப் பக்கம் இறங்கிக் காற்றோடு வீடு வரலாம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மாதத்தின் முதல் வார இறுதியிலேயே ஓடி முடியுங்கள். வெள்ளம் வந்து வீதி மறிபட்டால் அடுத்த வார இறுதிகள் கையிருப்பில் இருக்கும். மாதக் கடைசி ஞாயிறுக்குத் தள்ளிவைத்து ஏழெட்டு மாதத் தொடர் முறிந்தால், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க மனம் வராது.

அட்டைக்கு அரைத்தாள் தடித்த காகிதம். நிரல்கள்: இடம், தூரம், மூடும் நேரம், வந்த நேரம், கையொப்பம். சான்றுக்கு நேரம் அச்சிட்ட கணினிப் பற்றுச்சீட்டோ பணம் எடுக்கும் இயந்திரத்தின் சீட்டோ சிறந்தது. அது கிடைக்காத ஊரில் தேத்தண்ணிக்கடை முதலாளியிடம் நேரம் எழுதி ஒப்பம் கேளுங்கள். அவர் ‘எங்கே இருந்து தம்பி, தங்கச்சி வாறியள்?’ என்று கேட்காமல் பேனையை எடுக்க மாட்டார். அதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஊர்ப் பெயர்ப் பலகையோடு சைக்கிளின் படம் ஒன்றும் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டின் எழுத்துச் சூட்டிலும் வியர்வையிலும் சில நாளில் மங்கிவிடும். அன்றே படம் எடுக்க வேண்டும். நின்ற நேரத்தைக் கழிக்கக் கூடாது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான முழு நேரமே கணக்கு. அட்டையைச் சரிபார்ப்பவர் உங்களோடு சேர்ந்து ஓடாத ஒருவராக இருக்கட்டும்.

இந்த நான்கு நாளில் எந்த ஒரு நாளும் 200 இல்லை. ஆகவே மாசிக் கணக்குக்கு இந்த வட்டம் உதவாது. மாத விருது ஓடுபவர்கள் இரண்டு வாரம் ஓய்வெடுத்துப் பளை ஓட்டத்தை மாசி முடியுமுன் தனியாக ஓட வேண்டும். அட்டை மாதிரியையும் மேலே சொன்ன இரண்டு பாதைகளின் ஜி.பி.எஸ். கோப்பையும் நாளை ஏற்றுகிறோம்.